பஞ்சாயத்தில் சாட்சி சொன்ன இசைத்தட்டு

"பிளேட்டைப் போடு பாய், கேப்போம்" என்றார் நாட்டார்.

எங்கள் குப்பத்தில் ஊர்த் தலைவரை நாட்டார் என்றுதான் சொல்வோம். தை மாதத்துக் காலை. மாரியம்மன் கோயிலுக்கு எதிரே மணலில் பஞ்சாயத்து கூடியிருந்தது. வழக்கமாக வலைத் தகராறு, பங்குத் தகராறு, குடித்துவிட்டு அடித்துக்கொண்ட தகராறு என்று ஏதாவது ஒன்றுதான் அங்கே வரும். அன்று கூட்டத்தின் நடுவில் ஒரு ஸ்டூல், ஸ்டூல் மேல் ஒரு ரெக்கார்ட் பிளேயர். கடலூர் மஞ்சக்குப்பத்தில் மைக் செட் கடை வைத்திருந்த கரீம் பாய் அதன் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து ஊசியை ஊதித் துடைத்துக்கொண்டிருந்தார். பூவரச மரத்தில் குழாய் ஸ்பீக்கர் கட்டியாயிற்று. கார் பேட்டரியும் வந்து இறங்கிவிட்டது.

போடப் போவது இங்கிலாந்துக்காரர்களின் ராக் ஆல்பம். கேட்கப் போகிறவர்களில் இங்கிலீஷ் தெரிந்தவர்கள் இரண்டே பேர். ஒருவன் நான், இன்னொருவன் என்னோடு சிதம்பரத்தில் படித்த நண்பன்.

பாய் ஊசியை வைத்தார். மரத்திலிருந்து கீச்சுக் கீச்சென்று ஒரு சத்தம் கிளம்பியது. பெண்கள் காதைப் பொத்திக்கொண்டார்கள்.

"இன்னா பாய், கோழியப் புடிச்சி உள்ள வுட்டாப்புல கத்துது?" என்றார் நாட்டார்.

பாவம் கரீம் பாய். அவர் வாழ்நாளில் போட்டதெல்லாம் கல்யாண வீட்டுப் பழைய தட்டுகள். பிளேயரின் வேகத்தை எழுபத்தெட்டிலேயே வைத்துப் பழகிய கை. "வேகம் ஜாஸ்தியாயிடுச்சி நாட்டாரே, மன்னிச்சிக்கணும்" என்று சொல்லி, துருப்பிடித்த குச்சியை நெம்பி முப்பத்து மூன்றுக்குக் கொண்டுவந்தார். ஊரே சிரித்தது.

சிரிக்காமல் நின்றது அஞ்சலை அத்தை மட்டும்தான். கரையில் ஏற்றி வைத்திருந்த படகின் மறைவில் மற்றப் பெண்களோடு நின்றாள். அவள் கழுத்தில் தாலி இருக்க வேண்டுமா, கழற்ற வேண்டுமா என்பதைத்தான் அந்த ஆல்பத்தைக் கேட்டு ஊர் முடிவு செய்ய இருந்தது.

விளையாட்டுக்குச் சொல்லவில்லை. நடந்ததைச் சொல்கிறேன்.

கோவிந்தன் மாமா

அஞ்சலை அத்தையின் கணவர் கோவிந்தன் மாமா, என் அம்மாவுக்குத் தம்பி. எங்கள் குப்பத்திலிருந்து சரக்குக் கப்பலில் வேலைக்குப் போன முதல் ஆள். கட்டுமரத்தில் போகிறவன் உச்சிவேளைக்குள் கரை திரும்பிவிடுவான், கப்பலில் போகிறவன் எப்போது திரும்புவான் என்று என் அம்மா அழுது ஆர்ப்பாட்டம் செய்தாள். மாமா கேட்கவில்லை. சின்ன வயதிலிருந்தே அவருக்குத் தொடுவானத்துக்கு அந்தப் பக்கம் என்ன இருக்கிறது என்று பார்க்க வேண்டும்.

மாமா என்றால் முதலில் நினைவுக்கு வருவது அவர் சிரிப்புதான். குலுங்கிக் குலுங்கிச் சிரித்து, முடிக்கும்போது மூச்சை உள்ளே இழுப்பார். அந்த இழுப்பைக் கேட்டால் எதிரில் இருப்பவனுக்கும் சிரிப்பு வந்துவிடும். சாவு வீட்டில் மாமாவைப் பின்னால் உட்கார வைப்பார்கள்.

கடைசியாக விடுமுறையில் வந்தபோது ஒரு கதை சொன்னார். ஏதோ ஒரு துறைமுக ஊரில் கப்பல்காரர்களோடு சேர்ந்து பாட்டுக் கச்சேரிக்குப் போனாராம்.

"அவனுங்க முடி இருக்கே, நம்ம அஞ்சலைக்கு இருக்கறத வுட ஜாஸ்தி. பாட்டு ஒண்ணும் புரியல. பொண்ணுங்க என்னடான்னா மயக்கம் போட்டு வுழுதுங்க. எனக்கு சிரிப்பு அடங்கல. நான் சிரிச்ச சிரிப்புல பக்கத்துல நின்ன வெள்ளைக்காரன் மொறைச்சான்" என்று சொல்லி, மறுபடி சிரித்துக் காட்டினார்.

அதற்குப் பிறகு கப்பலேறினார். இரண்டு தீபாவளி போயிற்று. ஒரு தகவலும் இல்லை. மதராஸ் துறைமுகத்துக்கே போய்க் கேட்டோம். கப்பல் கைமாறிவிட்டது, எங்களுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை என்று ஒருவர் ஜன்னல் வழியாகச் சொன்னார். அவர் முகத்தைக்கூட நாங்கள் சரியாகப் பார்க்கவில்லை.

ஊர் பேச ஆரம்பித்தது. மாமாவுக்கு அண்ணன், எங்கள் பெரிய மாமா தாண்டவன், கருமாதி செய்துவிட வேண்டும் என்றார். அவரை வில்லனாக நினைத்துவிட வேண்டாம். "என் தம்பி எந்தத் தண்ணியில கெடக்கானோ. எள்ளும் தண்ணியும் எறைக்காம வுட்டா அவன் ஆத்மா எங்க போய் நிக்கும்?" என்று கேட்டுவிட்டு துண்டில் முகத்தைப் புதைத்துக்கொள்கிற மனிதர் அவர். கடலில் போய் உடல் திரும்பாதவர்களுக்கு உருவம் செய்து வைத்துக் காரியம் செய்வது எங்களிடம் உண்டு. காரியம் நடந்தால் பெண்டாட்டி கழுத்தில் தாலி இருக்காது.

அத்தை மாட்டேன் என்றாள். ஆனால் யாரிடம் சொல்வது? எங்கள் பஞ்சாயத்தில் பெண்கள் பேச முடியாது. அவர்களுக்காக வீட்டு ஆம்பளை ஒருத்தன் எழுந்து பேச வேண்டும். அத்தைக்குப் பிறந்த வீட்டில் யாருமில்லை. புகுந்த வீட்டின் பெரிய ஆம்பளைதான் கருமாதி கேட்கிறவர்.

சிதம்பரத்தில் ஒரு நீலப் பெட்டி

நான் அப்போது சிதம்பரத்தில் விடுதியில் தங்கிப் படித்துக்கொண்டிருந்தேன். விடுதிச் சாம்பாரைப் பற்றிப் போன வாரம் இந்தப் பத்தியில் எழுதியதற்கு, சமையல்காரர் குடும்பத்திலிருந்து யாராவது என்னைத் தேடி வரக்கூடும் என்று வீட்டில் பயமுறுத்துகிறார்கள். வரட்டும். அந்தச் சாம்பாரைக் குடித்தவன் நான்.

என் அறை நண்பன் பினாங்கிலிருந்து படிக்க வந்தவன். சொந்தப் பெயரை மறந்து எல்லோரும் அவனைப் பினாங்கு என்றே கூப்பிட்டோம். நல்ல தமிழ் பேசுவான், நடுநடுவே ஒரு 'லா' போடுவான். அவனிடம் ஒரு நீலப் பெட்டி இருந்தது. மூடினால் சூட்கேஸ், திறந்தால் டார்ச் பேட்டரியில் ஓடும் ரெக்கார்ட் பிளேயர். லண்டனில் இருந்த அவன் அண்ணன் புதுசு புதுசாக ஆல்பம் வாங்கி அனுப்புவான்.

அந்த ஆல்பம் வந்த நாளை மறக்க முடியாது. அட்டையைப் பிரித்ததும் புது அச்சு மையும் கப்பல் சரக்கு வாசனையும் கலந்து ஒரு மணம். அறையில் எட்டுப் பத்துப் பேர் திரண்டுவிட்டார்கள். காட்டுமன்னார்கோயில் ரைஸ் மில் வீட்டுப் பையன் ஒருத்தன், மிருதங்கம் படிப்பவன், தொடையில் தட்டிக்கொண்டே கேட்டான். ஒரு பக்கம் முடிந்ததும் "என்னடா இவனுங்க, நாலு பாட்டையும் ஒரே பாட்டாட்டம் கோத்து வச்சிருக்கானுங்க" என்றான். அதுவரை நாங்கள் கேட்டதெல்லாம் ஒரு தட்டு, ஒரு பாட்டு. பாட்டுக்கும் பாட்டுக்கும் நடுவில் கைதட்டல், கசமுசாப் பேச்சு, சிரிப்பு, அதிலிருந்தே அடுத்த பாட்டு கிளம்புவது என்பது எங்களுக்குப் புதிது. கச்சேரிக் கொட்டகைக்குள் கூட்டிப் போய் உட்கார வைத்தாற்போல் இருந்தது. அன்று அறையை விட்டு வெளியே வந்தபோது கீழ வீதிக் காபிக் கடையின் டம்ளர் சத்தம்கூட எனக்குப் பாட்டின் தொடர்ச்சியாகத்தான் கேட்டது. இன்றைக்கும் நான் எந்தப் பாட்டையும் நடுவில் நிறுத்த விடமாட்டேன். பேரப் பிள்ளைகள் என்னோடு காரில் வரப் பயப்படுவது அதனால்தான்.

பினாங்குக்கு ஆல்பங்களின் பின்கதை அத்தனையும் அத்துப்படி. இங்கிலீஷ் பத்திரிகைகளை வரி விடாமல் படிப்பான். "இது கச்சேரியே இல்லலா" என்று அவன்தான் சொன்னான். மேடையும் இல்லை, கூட்டமும் இல்லையாம். அந்தக் குழு மாதக்கணக்கில் ஒரு அறைக்குள் கதவைச் சாத்திக்கொண்டு செய்த ஆல்பம் அது. கைதட்டலும் சிரிப்பும் ஸ்டூடியோ அலமாரியில் என்றைக்கோ எடுத்து வைத்திருந்த பழைய டேப்பிலிருந்து ஒட்டியது.

சென்ற வருடம் என் மகள் ஒரு கனமான புத்தகத்தைப் பரிசாகக் கொடுத்தாள். புகழ்பெற்ற ராக் ஆல்பங்கள் உருவான கதை. இந்த ஆல்பத்துக்குத் தனி அத்தியாயமே இருக்கிறது. யார் யாரோடு சண்டை, எந்த வாத்தியம் எங்கே கிடைத்தது, எந்தெந்த நாட்டுப் பாட்டுக்காரர்கள் அதைக் கேட்டு மாறினார்கள் என்று எல்லாம் இருக்கிறது. கடலூர்க் கடற்கரையில் அது என்ன செய்தது என்று ஒரு வரி இல்லை. அந்தக் குறையைத் தீர்க்கத்தான் இந்த வாரம் உட்கார்ந்திருக்கிறேன்.

அத்தை கேட்ட சிரிப்பு

பொங்கல் விடுமுறைக்குப் பினாங்கை எங்கள் வீட்டுக்குக் கூட்டி வந்தேன். ரயிலில் வந்து முதுநகரில் இறங்கி, நீலப் பெட்டியை மாற்றி மாற்றித் தூக்கிக்கொண்டு மணலில் நடந்தோம்.

மறுநாள் அத்தை மீன் குழம்பு வைத்துக் கொடுத்தாள். பினாங்கு மூன்று முறை சோறு வாங்கினான். நன்றிக்கு என்ன செய்வது என்று தெரியாமல் பெட்டியைத் திறந்து ஆல்பத்தைப் போட்டான். அத்தை அம்மியில் மிளகாய் அரைத்தபடி கேட்டாள். மாமா போனதிலிருந்து அவள் பேச்சு குறைந்துவிட்டது. எதையாவது அரைத்துக்கொண்டும் துவைத்துக்கொண்டும் இருப்பாள்.

மூன்றாவது பாட்டு முடிந்தது. கைதட்டல். யாரோ ஒருவன் குலுங்கிச் சிரித்தான். முடிவில் மூச்சு உள்ளே இழுக்கும் சத்தம். நாலாவது பாட்டு தொடங்கிவிட்டது.

அம்மிக் குழவி நின்றது.

"எப்ப போட்ட பிளேட்டு தம்பி இது?" என்றாள் அத்தை.

"புதுசு அத்தை. வந்து ரெண்டு மாசம்தான் ஆகுது."

"அந்த எடத்தத் திரும்பப் போடு."

போட்டான். மிளகாய்க் கையோடு எழுந்து வந்து பெட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். இன்னொரு முறை போடச் சொன்னாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

"ஒங்க மாமாடா. ஒங்க மாமா சிரிப்புடா இது."

சத்தியமாகச் சொல்கிறேன், எனக்கும் மாமா மாதிரியேதான் கேட்டது. பினாங்கு தலையைக் குனிந்துகொண்டான். சாயங்காலம் கரையோரம் நடக்கும்போது கேட்டான். "அது பழைய டேப்புலா. ஒங்க அத்தைகிட்ட சொல்லிடலாமா?"

"நாளைக்குச் சொல்லுவோம்" என்றேன்.

நாளைக்குள் அத்தை பெரிய மாமா வீட்டு வாசலுக்குப் போய் நின்றுவிட்டாள். போன தீபாவளிக்கு அப்புறம் வந்த கச்சேரி பிளேட்டில் தன் புருஷன் சிரிக்கிறான், ஊர் கேட்கட்டும், கேட்டுவிட்டுக் கருமாதி செய்வதானால் செய்யட்டும் என்று சொல்லியிருக்கிறாள். அவளுக்காகப் பேச ஆம்பளை வேண்டுமே? என் பெயரைச் சொல்லியிருக்கிறாள். மீசை சரியாக முளைக்காத நான் ஒரே ராத்திரியில் வீட்டு ஆம்பளை ஆகிவிட்டேன்.

நீலப் பெட்டியின் சத்தம் கடல் காற்றில் கேட்காது என்பதால் கரீம் பாய்க்கு ஆள் போயிற்று.

கோயில் எதிரே

பாய் வேகத்தைச் சரி செய்ததும் முதல் பாட்டு கிளம்பியது. குழாய் ஸ்பீக்கரில் ராக் சங்கீதம் கேட்டவர்கள் உலகத்தில் அதிகம் பேர் இருக்க மாட்டார்கள். டிரம் அடி ஒவ்வொன்றுக்கும் பூவரச இலை அதிர்ந்தது. கருவாடு காய்ந்த இடத்திலிருந்து காக்கைக் கூட்டம் பறந்து போனது.

"நேரா அந்த எடத்துக்குப் போவ முடியாதா?" என்று ஒருவர் கேட்டார்.

"முளுசா கேக்கணும். சாட்சிய பாதியில வெட்டக் கூடாது" என்றார் நாட்டார். நியாயமான மனிதர்.

அப்படித்தான் எங்கள் குப்பம் மூன்று பாட்டை அசையாமல் கேட்டது. இரண்டாவது பாட்டுக்கு ஒரு கிழவர் தலையாட்டியதைப் பார்த்தேன். மூன்றாவது பாட்டு முடியும்போது நான் எழுந்து, "இப்ப வருது" என்றேன்.

கைதட்டல். சிரிப்பு. மூச்சிழுப்பு.

பாய் ஊசியைத் தூக்கிவிட்டார். அலைச் சத்தம் மட்டும் கேட்டது. பெரிய மாமா தாண்டவன் மெல்ல எழுந்து ஸ்பீக்கருக்கு அடியில் போய் நின்று அண்ணாந்து பார்த்தார்.

"இன்னொரு வாட்டி போடு பாய்."

இரண்டாவது முறை அவர் உதடு துடித்தது. மூன்றாவது முறை, "தம்பி... டேய் கோவிந்தா" என்று மரத்தைப் பிடித்துக்கொண்டு அழுதார். பிறகென்ன, வலை பின்னுகிறவர், படகு தச்சர், மாமாவோடு சின்ன வயதில் நண்டு பிடித்தவர் எல்லோருக்கும் சந்தேகம் போய்விட்டது. "அவன்தான்யா, மூச்ச இசுக்கறான் பாரு" என்று ஆளாளுக்குச் சொன்னார்கள். ஆசைதான். இப்போது புரிகிறது. கோவிந்தன் மாமா செத்துப் போயிருக்க வேண்டும் என்று அந்த மணலில் ஒருத்தருக்கும் மனசு இல்லை.

நாட்டார் மட்டும் தாடியை நீவிக்கொண்டு பினாங்கைக் கூப்பிட்டார்.

"தம்பி, நீ வெளிநாடு பாத்த புள்ள. இதுல கை தட்டறவங்க, சிரிக்கறவங்கல்லாம் நெஜ ஆளுங்கதானா?"

பினாங்கு படகுப் பக்கம் பார்த்தான். அத்தை முந்தானையை வாயில் அழுத்திக்கொண்டு நின்றாள்.

"நெஜ ஆளுங்கதான் ஐயா. ஆளு இல்லாம சிரிப்பு எப்படி வரும்?" என்றான்.

அவன் சொன்னதில் பொய் இல்லை. அவனை நினைத்தால் இன்றும் கட்டிப்பிடித்துக்கொள்ளத் தோன்றுகிறது.

"சரி" என்றார் நாட்டார். "அடுத்த தை வரிக்கும் கோவிந்தன் வூட்ல கருமாதிப் பேச்சு எடுக்கக் கூடாது. ஊர்க்கட்டு."

கரீம் பாய் ஒயரைச் சுற்றிக்கொண்டே, "இன்ஷா அல்லா, வந்துடுவாரு" என்றார். படகுப் பக்கம் திரும்பிப் பார்த்தேன். அத்தை வீட்டுக்குப் போய்ச் சேர்ந்துவிட்டாள்.

மாமா வந்தார்

ஐப்பசி மழை பிடித்துக்கொண்ட ஒரு பகலில் முதுநகர் ஸ்டேஷனிலிருந்து வந்த ஜட்கா எங்கள் குப்பத்து எல்லையில் நின்றது. இறங்கிய ஆளை முதலில் யாருக்கும் அடையாளம் தெரியவில்லை. எலும்பும் தோலுமாக இருந்தார். முதலாளிகள் சண்டையில் எங்கோ தூரத்துத் துறைமுகத்தில் கப்பலைப் பிடித்து வைத்துவிட்டார்களாம். இறங்கவும் விடவில்லை, ஊருக்கு எழுதினால் போய்ச் சேரவும் இல்லை. நடுவில் காய்ச்சல் வேறு. தகவல் தெரிந்து நான் சிதம்பரத்திலிருந்து வந்து சேர்ந்தபோது மாமா கஞ்சி குடித்துக்கொண்டிருந்தார், ஊர் முழுக்க வாசலில் நின்று அதைப் பார்த்துக்கொண்டிருந்தது.

பெரிய மாமாவுக்குப் பொறுக்கவில்லை. மறுநாளே கரீம் பாயை வரவழைத்துவிட்டார். பினாங்கு ஆல்பத்தையும் நீலப் பெட்டியையும் அத்தையிடமே விட்டுப் போயிருந்தான். திரும்பத் திரும்பப் போட்டதில் அந்த இடம் மட்டும் கரகரவென்று தேய்ந்திருந்தது.

சிரிப்பு வந்தது.

"நீதானேடா கோவிந்தா?" என்றார் பெரிய மாமா. ஊரே மாமாவின் வாயைப் பார்த்தது.

மாமா ஒன்றும் புரியாமல் அத்தையைத் தேடினார். அத்தை அடுப்பை ஊதிக்கொண்டிருந்தாள், நிமிரவில்லை. மாமா அண்ணனின் முகத்தைப் பார்த்தார். வாசலில் நின்ற முகங்களைப் பார்த்தார்.

"நாந்தாண்ணே" என்றார்.

அன்று கரீம் பாய் கூலி வாங்க மறுத்துவிட்டார். ஆல்பம் முழுவதையும் இரண்டு பக்கமும் போட்டுவிட்டுத்தான் கிளம்பினார்.

எனக்கு மட்டும் மனசு ஆறவில்லை. படித்தவனுக்கு உண்மையைச் சொல்லாமல் தூக்கம் வராது என்று ஒரு திமிர் அந்த வயதில். இரண்டு நாள் கழித்து அத்தை கொல்லையில் கிழங்கான் மீன் ஆய்ந்துகொண்டிருந்தாள். பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

"அத்தை, ஒண்ணு சொல்லணும். அந்த பிளேட்டுல இருக்கறது..."

"ஒங்க மாமா இல்ல" என்றாள்.

அவள் செதிலைச் சீவிக்கொண்டே பேசினாள்.

"கட்டுனவளுக்குத் தெரியாதாடா புருசன் சிரிப்பு? அவுரு மூச்சிழுக்கும்போது மூக்குல ஒரு சத்தம் வரும். அது எவனோ. எவனா இருந்தா இன்னா, நல்லா இருக்கட்டும் அவன்."

"அப்பறம் ஏன் அத்தை..."

"நான் எந்திரிச்சி, எம் புருசன் சாவலன்னு சொல்லியிருந்தா எவன் கேட்டிருப்பான்? பொம்பள பொலம்புறான்னு பதினாறு நாள் கணக்குப் பாத்திருப்பானுவ. பிளேட்டு சொன்னதும் குந்திக் கேட்டானுவ பாரு, வாயப் பொத்திக்கினு."

எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. கடைசியில் ஒன்று கேட்டேன்.

"ஆனா, மாமா உசுரோடதான் இருக்காருன்னு ஒனக்கு எப்படி அத்தை அவ்ளோ நிச்சயமா தெரியும்?"

அவள் கை நின்றது. உள்ளே மாமா இருமும் சத்தம் கேட்டது. அது அடங்கும் வரை காத்திருந்தாள்.

"தெரியாதுடா" என்றாள். "வாசல்ல வந்து நின்னாரே, அது வரிக்கும் எனக்குத் தெரியாது."